நாணயம் என்னும் ஈடு

'நாணயம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. இவ்விரண்டும் ஒரு சொல்லில் அடங்கியதன் பொருத்தத்தைப் பினாங்கின் வாணிக வரலாறு நன்கு உணர்த்துகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், பினாங்கு வீதியில் கிட்டங்கிகள் அமைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். 1857ஆம் ஆண்டில் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பும் அளவுக்கு வேரூன்றினர். 1875இல் சார்ட்டர்டு வங்கி ஜார்ஜ் டவுனில் கிளை திறந்தது. எனினும், ஐரோப்பிய வங்கிகள் பெருவணிகரையே நாடின. சிறுகடைக்காரர் படியேறிய இடம் கிட்டங்கியே. கடன் கேட்பவர் யார், அவருக்காகச் சொல்பவர் யார், முன்பு வாங்கியதை எப்படித் திருப்பினார் என்பவற்றை மேலாள் அறிந்திருந்தார். அவ்வறிவே அவருடைய முதல்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. வட்டிச் சுமையால் நிலமிழந்தோர் பலர். 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப் பர்மாவின் நெல்வயல்கள் ஏராளமாகச் செட்டியார்கள் வசமாயின; அதனால் மூண்ட கசப்பு நெடுநாள் நீடித்தது.

இனி, தொலைவிலுள்ள ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். 1989க்கும் 1991க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவிலும் சோவியத் நாட்டிலும் பொதுவுடைமை ஆட்சிகள் வீழ்ந்தன. புதிய வங்கிகள் கடனட்டை வழங்க முனைந்தன. ஆனால், எவர் கடனை ஒழுங்காகத் திருப்புவார் என்று காட்டும் ஏடு எதுவும் அங்கில்லை. எனவே முதலில் அறிமுகமானவர்க்கே அட்டை கிடைத்தது. பின்னர்த் தொழிலகங்களின் சம்பளம் வங்கி அட்டைவழி வழங்கப்பட்டது. வேலை கொடுத்தவரின் சொல்லே ஈடாயிற்று. ருசியாவில் கடன் வரலாற்றுச் சட்டம் 2004இல்தான் பிறந்தது. பினாங்கின் மேலாள் அறிந்திருந்த பாடத்தை அவ்வங்கிகள் புதிதாகக் கற்றன எனலாம்.

நம் நாட்டிலும் 2001 முதல் பேங்க் நெகாராவின் மையப் பதிவேடு, வங்கியில் கடன் பெற்றோர் தவணை செலுத்தும் முறையைக் காட்டி நிற்கின்றது. கிட்டங்கியில் கடன்பட்டவர் நேரில் சென்று தம் இடர் கூறித் தவணை கேட்கலாம். மேலாள் இணங்கலாம், மறுக்கலாம். பதிவேடோ தவறிய தவணையைக் காட்டுமேயன்றி, தவறிய காரணத்தைக் காட்டாது.

முதற் சம்பளத்தோடு அட்டை பெற்று, மூன்றாண்டுகளில் கடனில் மூழ்கிய பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்து கண்கலங்கினார். வட்டிக் கணக்கை அவருக்குக் கற்பித்தவன் நான். மதிப்பெண்ணுக்காக மட்டுமே கற்பித்தேன். நாணயத்தின் இரு பொருளையும் ஒருசேரக் கற்பிப்பதே ஆசிரியர் கடன்.