கோர்வெட் சி5 காரின் ஸ்டீயரிங் பூட்டும் அதன் பழுதும்

ஸ்டீயரிங் பூட்டு என்பது, சாவியை எடுத்த பிறகு காரின் ஸ்டீயரிங் சக்கரம் திரும்பாதவாறு தடுக்கும் திருட்டுத் தடுப்பு அமைப்பு ஆகும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1997 முதல் 2004 வரை தயாரித்த செவ்ரோலே கோர்வெட் சி5 என்னும் விளையாட்டுக் காரில் இந்தப் பூட்டு மின் மோட்டாரால் இயங்கியது. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு உரிமையாளருக்கே இடையூறாகவும், சில வேளைகளில் ஆபத்தாகவும் மாறியதற்கு இந்தக் கார் நல்ல எடுத்துக்காட்டு.

பூட்டின் வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்களின் எண்ணிக்கை பெருகியது. கார் திருட்டும் பெருகியது. மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்தில் புதிய கார், பழைய கார் என்ற வேறுபாடின்றி எல்லாவற்றிலும் ஸ்டீயரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது. அங்கே கார் திருட்டு வெகுவாகக் குறைந்தது. பிரிட்டன் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் இதை விதித்தது. அங்கே திருடர்கள் பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் திரும்பினர்.

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 1969ஆம் ஆண்டு மாடல்களில் இந்தப் பூட்டைப் பொருத்தியது. 1970ஆம் ஆண்டு சனவரி முதல் அந்நாட்டு நடுவண் அரசின் 114ஆம் எண் பாதுகாப்புத் தரம் நடைமுறைக்கு வந்தது. சாவியை எடுத்தால் என்ஜினை இயக்க முடியாதிருக்க வேண்டும்; அத்துடன், ஸ்டீயரிங் திரும்பாதிருக்க வேண்டும் அல்லது கார் தன் விசையில் நகராதிருக்க வேண்டும் என்பது அந்த விதி. தானியங்கி கியர் கொண்ட காரில் கியரைப் பூட்டியே இதை நிறைவேற்றிவிடலாம். கையால் கியர் மாற்றும் காருக்கு ஸ்டீயரிங் பூட்டே எளிய வழியாக இருந்தது.

சி5 காரில் வந்த மாற்றம்

பழைய கார்களில் சாவித் துளை ஸ்டீயரிங் தண்டின் மேலேயே இருக்கும். சாவியைத் திருப்பும் கையின் விசையே உள்ளிருக்கும் தாழ்க்கோலை நகர்த்தும். தண்டோடு சேர்ந்த ஒரு தட்டில் பள்ளங்கள் இருக்கும். தாழ்க்கோல் அவற்றில் ஒன்றில் விழுந்தால் தண்டு திரும்பாது.

சி5 காரில் சாவித் துளை முகப்புப் பலகைக்கு மாற்றப்பட்டது. தாழ்க்கோலை நகர்த்தும் வேலை ஒரு சிறிய மின் மோட்டாருக்குத் தரப்பட்டது. சாவியை எடுத்ததும் மோட்டார் பூட்டும். சாவியைப் போட்டுத் திருப்பியதும் திறக்கும். பூட்டு உண்மையில் திறந்ததா என்பதைக் காரின் கட்டுப்பாட்டுக் கணினி ஒரு மின் குறிப்பின் மூலம் அறிந்துகொள்ளும்.

பழுதின் அறிகுறிகள்

திறந்ததற்கான குறிப்பு வராவிட்டால், ஸ்டீயரிங் பூட்டைப் பழுது பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை ஓட்டுநரின் தகவல் திரையில் தோன்றும். என்ஜின் ஓடும், ஆனால் கார் நகரத் தொடங்கியதும் எரிபொருள் நிறுத்தப்படும். இதைக் கண்ட பலர் என்ஜினில்தான் கோளாறு என்று எண்ணினர். உண்மையில் இது வேண்டுமென்றே வைக்கப்பட்ட பாதுகாப்பு. திருப்ப முடியாத கார் ஓடக் கூடாது என்பதே அதன் நோக்கம்.

பழுதைக் கண்டறியும் முறை

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி. மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் தாழ்க்கோலை முழுவதும் இழுக்காது. கணினிக்கும் தவறான குறிப்புகள் செல்லும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் துருவும், தளர்ந்த எர்த் இணைப்பும் இதே விளைவைத் தரும்.

அடுத்தது தண்டின் மேலுள்ள அழுத்தம். சக்கரங்களைத் திருப்பிய நிலையில் நிறுத்தினால், டயரின் முறுக்கம் தண்டின் வழியாகத் தாழ்க்கோலை ஒரு பக்கமாக அழுத்தும். அப்போது மோட்டாரின் சிறிய விசை போதாது. சாவியை எடுத்துச் சற்றுப் பொறுத்து, ஸ்டீயரிங்கை இருபுறமும் மெல்ல அசைத்துக்கொண்டே சாவியைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் திறந்துவிடும்.

மூன்றாவது, காது கொடுத்துக் கேட்பது. சாவியைப் போடும்போது மோட்டாரின் ஓசையே வராவிட்டால் ஃபியூஸ், ஒயர், மோட்டார் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். ஓசை வந்து, ஸ்டீயரிங் தாராளமாகத் திரும்பியும் எச்சரிக்கை மறையாவிட்டால், கணினிக்குச் செல்லும் குறிப்பில்தான் குறை. காரின் திரையிலேயே பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் வசதி இருந்ததால் இந்த வேறுபாட்டை உறுதி செய்ய முடிந்தது.

சிலர் தொல்லை தாங்காமல் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டனர். அது மட்டும் போதவில்லை. பூட்டு திறந்தே இருந்தாலும், அந்தச் செய்தி கிடைக்காத கணினி எரிபொருளை நிறுத்தியது. இதனால், திறந்துவிட்டதாகக் கணினிக்குக் குறிப்பு அனுப்பும் சிறு மின்னணுப் பெட்டிகள் தனியார் சந்தையில் விற்பனைக்கு வந்தன.

2004ஆம் ஆண்டின் திரும்பப் பெறுதல்

இந்த அமைப்பின் பெரிய குறை எரிபொருள் நிறுத்தத்தில்தான் இருந்தது. என்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிக்கு வரும் மின்னழுத்தம் குறைந்தாலோ இடையில் அறுந்தாலோ எரிபொருள் நிற்காமல் போகலாம் என்று தெரியவந்தது. அப்படியானால் பூட்டிய ஸ்டீயரிங்குடன் கார் வேகமெடுக்கும். ஓட்டுநரால் திருப்ப முடியாது. எனவே 2004இல், 1997 முதல் 2004 வரையிலான மாடல்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கோர்வெட் கார்கள் பழுது நீக்கத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

பூட்டைத் திறக்க முடியாமல் செய்த அதே குறைந்த மின்னழுத்தம், அந்தப் பூட்டிலிருந்து காக்க வைத்த ஏற்பாட்டையும் செயலிழக்கச் செய்யக்கூடியதாக இருந்தது. காவலும் காவலுக்குக் காவலும் ஒரே மின்னோட்டத்தை நம்பியிருந்தால், பழுது வரும்போது இரண்டும் சேர்ந்தே விழும். பொறியியல் மாணவர்கள் சி5 காரின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் இது.