ஏழு பிரதிகளின் கவிஞன்

1940ஆம் ஆண்டுக் கோடையில், ஜெர்மானியப் படைகளின் பிடியிலிருந்த வார்சா நகரில் ஒரு கவிதைத் தொகுதி வெளிவந்தது. மொத்தப் பிரதிகள் ஏழு. அவ்வாண்டு இலையுதிர்காலத்தில் வந்த இரண்டாம் தொகுதிக்கும் ஏழே பிரதிகள்தாம். கையெழுத்து ஏடு நடத்திப் பழகியோருக்கு இந்த எண் வியப்பளிக்காது. எனினும், அங்கே பிரதிகளைக் குறைத்தது கைப்பணத்தின் குறை மட்டுமன்று. ஆக்கிரமிப்பாளரின் அனுமதியின்றிப் போலந்து மொழியில் நூல் வெளியிடுவதே குற்றமாயிருந்த காலம் அது. ஆசிரியர் க்ஷிஷ்டோஃப் கமில் பாச்சின்ஸ்கிக்கு அப்போது வயது 19.

1921 சனவரி 22இல் வார்சாவில் பிறந்தவர் அவர். தந்தை இலக்கியத் திறனாய்வாளர்; தாய் ஸ்தெபானியா பள்ளி ஆசிரியை. இளமை முதலே ஈளைநோய் அவரை வருத்தியது. ஓவியம் பயில விரும்பியவரின் வழியை 1939இன் போர் அடைத்தது. தாய் யூத மரபினர். நாசிச் சட்டத்தின் கண்ணில் மகனும் யூதரே. அவர் யூதச் சேரிக்குள் செல்லாமல் வெளியிலேயே வாழ்ந்தார். பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டமையால் மறைவில் நடந்த வகுப்புகளில் இலக்கியம் கற்றார். அங்ஙனம் கற்கும் காலத்திலேயே பார்பரா என்னும் பெண்ணை 1942 சூன் 3ஆம் நாள் மணந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் எழுதியவற்றுள் காதற் கவிதைகள் பல. போர்க்கவிஞர் என்று முத்திரையிட்டு விடுவோர் இவற்றை ஒதுக்கிச் செல்வதுண்டு, அது பிழை. காதலியின் உடலையும் செடி கொடிகளையும் பாடிய அதே குரல்தான் அழிவையும் பாடியது. கொல்லக் கற்கும் இளைஞனின் மனம் என்னவாகும் என்ற அச்சம் அவற்றினூடே ஓடுகிறது. பகைவனைச் சபிப்பது எளிது. தன் கையைத் தானே ஐயுறுவது அரிது. அவர் இரண்டாவதைச் செய்தார்.

1943இல் தலைமறைவுப் படையின் ‘சோஷ்கா’ அணியில் சேர்ந்தார். இச்செய்தி கேட்டுப் பேராசிரியர் ஸ்தனிஸ்வாவ் பீகோன், பகைவன்மீது வைரங்களை எறிவதே நம் இனத்தின் விதி என்ற பொருள்படக் கூறினாராம். நயமான சொல்தான், ஆனால் எறியப்பட்ட வைரத்தை யார் பொறுக்கித் தருவது என்று அது கேட்பதில்லை. அணித்தலைவரின் ஆணையொன்று இதனினும் தெளிவாகப் பேசுகிறது. 1944 சூலையில், களப்பணிக்கு அவ்வளவாகப் பயன்படாதவர் எனக் கூறி, கவிஞரைப் பொறுப்பிலிருந்து விடுவித்து, செய்திப் பணியை ஏற்குமாறு அவ்வாணை கேட்டுக்கொண்டது. அவரோ மறுத்து ‘பரசோல்’ என்னும் மற்றோர் அணிக்கு மாறிக்கொண்டார்.

ஆகஸ்ட் 1இல் வார்சா எழுச்சி மூண்டபோது நகர நடுவில் இருந்தவரால் தம் அணியை அடைய இயலவில்லை. அருகிருந்த தொண்டர் குழுவொன்றில் சேர்ந்தார். நான்காம் நாள் பிற்பகல், நகரமன்றத்தை ஒட்டிய பிளாங்க் மாளிகையில் ஒளிந்து சுடுவோனின் குண்டுக்குப் பலியானார். வயது 23. தலையில் காயமுற்ற பார்பரா செப்டம்பர் 1இல் இறந்தார், அவருக்கு 21. ததேயுஷ் கைச்சி என்ற மற்றோர் இளங்கவிஞரும் அதே ஆகஸ்ட் 16இல், 22 வயதில் மடிந்தார்.

63 நாள் எழுச்சியின்போதும் அதன் பின்னரும் நகரின் பெரும்பகுதி இடிந்தெரிந்தது. அந்நகரில் தாளில் எழுதியவை மிஞ்சியதுதான் வியப்பு. மகனையும் மருமகளையும் இழந்த ஸ்தெபானியா 1953இல் தாம் இறக்கும்வரை அவருடைய எழுத்துகளைப் பேணினார். 1947இல் ஒரு தொகுதி வந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட கவிதைகள் இன்று கிடைக்கின்றன. பின்னாளில் எவா தெமார்சிக் பாடிய பாடல்கள், நூலைத் தொடாதவரிடமும் அவற்றைக் கொண்டுசென்றன.

1942இல் ‘யான் புகாய்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட தொகுதியைப் படித்த திறனாய்வாளர் கசிமியெஷ் விகா, மறுஆண்டே ‘யான் புகாய்க்கு ஒரு கடிதம்’ எழுதித் தலைமறைவு இதழில் வெளியிட்டிருந்தார். 1961இல் முழுத்தொகுதி வெளிவந்தபோது, அதன் பதிப்பாசிரியர் இருவருள் ஒருவர் அதே விகா.