பேயின் பார்வை: ஆலங்காட்டு அம்மையாரும் காட்சிக்கூடச் சுவரும்

ஆல்வார் பாலசுப்பிரமணியம் 2002இல் படைத்த ‘செல்ஃப் இன் ப்ரோகிரஸ்’ சிற்பத்தில், அவர் உடலிலிருந்தே அச்செடுத்து வார்த்த வெண்ணிற உருவம் அமர்ந்திருக்கிறது. அதன் ஒரு பகுதியைக் காட்சிக்கூடத்தின் சுவர் விழுங்கியிருக்கிறது. குருதியோ சிதைவோ இல்லை, ஆனாலும் மனம் கலங்குகிறது. இக்கலக்கத்தை மேலை நவீனத்தின் வரவென்று கொள்ளத் தோன்றும். அதை மறுக்கும் சான்று, திருவள்ளூர் மாவட்டத்தில் கிடைக்கிறது. சிவனடியாரான காரைக்கால் அம்மையார் பேயுருவில் இறைவனின் ஆடலைக் கண்டதாகச் சைவ மரபு சொல்லும் திருவாலங்காடு அங்கேதான் இருக்கிறது. அம்மையாரின் சிற்பங்களைத் தொடர்ந்து பார்த்தால், காண்பவர் தமக்கென்று கொண்டிருந்த இடம் பறிபோகும்போதே கலக்கம் பிறக்கிறது என்பது விளங்கும்.

முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் தென்சுவரில், ஆடவல்லானாகிய நடராசரின் காலருகே அம்மையார் தாளமிட்டபடி அமர்ந்திருக்கிறார். எலும்பு துருத்திய உடல்தான். ஆயினும் அவர் ஆடலில் தோய்ந்திருப்பதைக் காணும் நாம், அவர் வழியே ஆடலுக்குள் செல்கிறோம். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில், ஓரடிக்கும் குறைவான 13ஆம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனியாக அவர் தனித்திருக்கிறார். கையில் தாளம் உண்டு, ஆடுபவன் இல்லை. அந்தக் குழிவிழுந்த கண்களுக்கு எதிரே, ஆடவல்லானுக்குரிய இடத்தில், நாம் நிற்கிறோம். பார்க்க வந்தவர் பார்க்கப்படுபவராகிவிடுகிறார். பாலசுப்பிரமணியத்தின் சுவரும் இதையே செய்கிறது. காட்சிக்கூடத்தில் சுவரை யாரும் பார்ப்பதில்லை. படைப்பு அங்கே, நாம் இங்கே என்ற உறுதியை அது ஓசையின்றித் தந்துகொண்டிருக்கும். அதுவே ஓர் உடலை உள்வாங்கும்போது அந்த உறுதி குலைகிறது.

பேயுருவே அச்சம் தருவது, இடத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். அம்மையார் பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டிலும் உள்ள 22 பாடல்களில் வற்றிய முலையும் சுடலைத் தீயும் நரியும் நிறைந்திருப்பது உண்மை. ஆனால் அங்கே ஒரு பேய் கொள்ளிக்கட்டையை மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. அது தன் வீட்டில் இருக்கிறது. அச்சம், வெளியிலிருந்து வருபவருடையது. அச்சத்தைப் போக்குவது பக்திதான், அமைப்பன்று என்பது இன்னும் வலிய மறுப்பு. அதை முற்றிலும் தள்ள முடியாது. எனினும் பக்திக்கு வெளியே நின்ற பிரெஞ்சுச் சிற்பி ரோதேன், திருவாலங்காட்டு நடராசர் திருமேனியின் ஒளிப்படங்களைக் கண்டு 1913இல் எழுதியபோது அதை அங்கம் அங்கமாக வியந்தார். துணையின்றித் தனித்தபோது ஆடுபவன் அழகின் உருவமானான், ஆடலைக் கண்டவள் திகிலின் உருவமானாள். இரண்டையும் பிரித்தது காட்சிமுறை. சோழச் சிற்பியை இன்றைய நிறுவல் கலைஞர் என்பது காலமயக்கமாகும். ஆனால் அம்மையாரைத் தனியே வைக்கும் அருங்காட்சியகம் இன்றைய நிறுவல் ஒன்றைத்தான் செய்கிறது. ஆடுபவன் எங்கே என்பதை அதன் விளக்கப் பலகை சொல்லியாக வேண்டும்.