மரமும் ஓர் அமானிதமே: பழந்தேக்குப் பொருட்களின் வரலாறும் விற்பனையும்



பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடுகின்ற திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் சுவரில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் அங்கே நடைபெற்ற கல்விச்சாலையையும், மாணவர் விடுதியையும், ‘வீரசோழன்’ என்ற மருத்துவச்சாலையையும் அது விவரிக்கிறது. மருத்துவச்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவரும், அறுவை மருத்துவம் செய்பவரும், மூலிகை கொண்டு வருவோரும், நோயாளரைப் பேணும் பெண்களும் இருந்தனர். அவர்களுக்குரிய ஊதியம் வரை கல்லில் எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு நிலைத்துவிட்டது, அந்த 15 படுக்கைகளில் ஒன்றும் இன்று இல்லை.

கல் தானாகவே நிற்கும். மரமோ, தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் துடைத்து, ஈரம் படாமல் வைத்து, பழுது பார்த்தால்தான் நிற்கும். ஆகவே நம் வீட்டில் ஒரு பழைய மரப்பொருள் இருக்கிறதென்றால், நமக்கு முன்னிருந்தோர் பலர் அதனைப் பேணி நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று பொருள். அப்படிப்பட்ட பொருளை விற்கலாமா, யார் விற்கலாம், எப்படி விற்கலாம் என்ற கேள்விகள் அண்மையில் எமக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில் எழுந்தன.

அங்கே பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது கிரானைட் கல்லில் புதிய மிம்பர் அமைத்தார்கள். பழைய தேக்கு மிம்பர் பின்புறக் கொட்டகைக்குப் போயிற்று. சில ஆண்டுகள் கழித்துப் பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் வந்து பார்த்து, கணிசமான தொகை தருவதாகக் கூறினார். மதரஸாக் கூடத்தின் கூரை ஒழுகிக்கொண்டிருந்த நேரம் அது. “கொட்டகையில் கிடந்து கரையானுக்கு இரையாவதைவிட, பிள்ளைகளின் தலைக்கு மேல் கூரையாகட்டுமே” என்றார் பொறுப்பாளர் ஒருவர். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விடை தேடும் முன், இந்தத் தேக்கு நம்மிடம் வந்த வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

மதீனாவை எட்டிய மரம்

மஸ்ஜிதுந் நபவியில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தொடக்கத்தில் ஒரு பேரீச்ச மரத்தண்டின் அருகே நின்று குத்பா நிகழ்த்தினார்கள். பின்னர் அன்சாரிப் பெண்மணி ஒருவர், தச்சு வேலை அறிந்த தம் பணியாளரைக் கொண்டு, அல்ஃகாபா என்னுமிடத்து மரத்தில் மூன்று படிகளுடைய மிம்பர் ஒன்றைச் செய்வித்துக் கொடுத்தார். நபி (ஸல்) அவர்கள் அதில் ஏறிய நாளில், கைவிடப்பட்ட அந்தப் பேரீச்சந்தண்டு தேம்பி அழுததையும், பெருமானார் இறங்கி வந்து அதனை அணைத்து அமைதிப்படுத்தியதையும் ஸஹீஹுல் புகாரி பதிவு செய்துள்ளது. பயன்பட்ட மரம் ஒன்று ஒதுக்கப்படும்போது அதன் மீதும் பரிவு காட்டப்பட்டது என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

அதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. நபிகளாரின் காலத்தில் அப்பள்ளியின் கூரை பேரீச்ச மட்டைகளால் ஆனது. உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29இல் பள்ளியை விரிவாக்கியபோது, செதுக்கிய கற்களால் சுவர் எழுப்பி, ‘ஸாஜ்’ மரத்தால் கூரை அமைத்தார்கள். ஸாஜ் என்பது தேக்கு. அரபு மண்ணில் தேக்கு விளைவதில்லை. இந்தியக் கடற்கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற சரக்கு அது. பாரசீக வளைகுடாவின் ஸீராஃப் துறைமுகத்தில் வணிகர்களின் மாளிகைகள் தேக்கால் கட்டப்பட்டிருந்ததை அக்காலப் புவியியலாளர்கள் எழுதியுள்ளனர். துனிசியாவின் கைரவான் பெரிய பள்ளியில், ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தேக்கு மிம்பர் இன்றும் நிற்கிறது. உலகில் எஞ்சியுள்ளவற்றுள் மிகப் பழைய மிம்பர் அதுவே. நபிகளாரின் மிம்பரோ ஹிஜ்ரி 654இல் மஸ்ஜிதுந் நபவியில் நேர்ந்த தீயில் அழிந்துபோயிற்று.

தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதனால் கரையான் எளிதில் அண்டாது. நீரில் நனைந்து காய்ந்தாலும் அதிகம் விரிந்து சுருங்காது. அதில் அடித்த இரும்பு ஆணியும் விரைவில் துருவேறாது. கப்பல் கட்டுவோர் அதனை விரும்பியதற்கு இவையே காரணம். 1817இல் பம்பாய்த் துறையில் தேக்கால் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இங்கிலாந்தில் இன்றும் மிதக்கிறது. கப்பல்களுக்காகக் காடுகளை வெட்டி வெட்டி மலபாரில் பெருமரங்கள் அருகியபின், 1840களில் ஆட்சியர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் வைக்கத் தொடங்கினார்.

பர்மாவிலிருந்து காரைக்குடி வரை

1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமான பின் தமிழகத்துக்கும் இரங்கூனுக்கும் போக்குவரத்துப் பெருகியது. நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித்தொழில் செய்யச் சென்றனர். நம் சமுதாயத்து வணிகர்களும் தொழிலாளரும் சென்று அங்கே பள்ளிவாசல்களும் எழுப்பினர். பர்மாக் காடுகளில் தேக்கு மரத்தின் அடிப்பட்டையைச் சுற்றிலும் வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றவாக்கிலேயே காயவிட்டு, பிறகு வீழ்த்துவர். யானைகள் இழுத்து ஓடைகளில் சேர்க்கும். மழை வெள்ளத்தில் மிதந்து ஐராவதி வழியாக அது துறைமுகத்தை அடையும். இப்படி மெல்லக் காய்ந்த மரம் என்பதால்தான் ‘பர்மாத் தேக்கு’ என்ற பெயருக்கு இன்றும் மதிப்பு. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் மட்டுமல்ல, நம் வீடுகளின் பெட்டகமும் ஊஞ்சலும் சாய்வு நாற்காலியும் பலவும் அந்த மரத்தில் பிறந்தவையே.

1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் நுழைந்தபோது பல லட்சம் இந்தியர் உயிர் பிழைக்க ஓடிவந்தனர். பெரும்பாலோர் காடு மலை வழியே நடந்தே வந்தனர். 1960களில் பர்மிய இராணுவ அரசு வணிகங்களை நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியோரும் திரும்பினர். செல்வத்தின் ஊற்று வற்றியது. வீடுகள் மட்டும் நின்றன. ஒரு மாளிகைக்குப் பல பங்காளிகள் என்றானபோது, பராமரிக்க இயலாமல் பலவற்றைப் பிரித்து விற்றனர். காரைக்குடியின் முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக எழுந்த கதை இதுதான். தூண், நிலைக்கதவு, ஊஞ்சற்பலகை, நகைப்பெட்டி, அலமாரி என அங்கே கிடைக்காதது அரிது. சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, மெருகேற்றினால் நூற்றாண்டு மரமும் புதிதுபோல் ஒளிரும்.

இந்த வணிகம் ஹலாலானது. பழையதைப் பழுது நீக்கிப் பயனுக்குக் கொண்டுவருவது வீண்விரயத்தைத் தடுக்கவும் செய்கிறது. ஆனால் அதில் மூன்று இடங்களில் நாம் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது.

ஒன்று: யாருடைய பொருள்?

பெற்றோர் விட்டுச்சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளை. நிலத்தையும் நகையையும் பங்கிடும்போது நினைவில் நிற்கும் இச்சட்டம், கட்டிலையும் பெட்டகத்தையும் கண்டால் மறந்துபோகிறது. வாப்பாவின் வீட்டில் தங்கியிருக்கும் மகன், உம்மாவின் பெட்டகத்தை வியாபாரியிடம் கொடுத்துப் பணம் பெறுகிறார். வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிக்கு அது தெரிவதே இல்லை. அந்தப் பெட்டகத்திலும் அவருக்குப் பங்குண்டு. அவருடைய ஒப்புதலின்றி விற்பதும், விற்ற பணத்தில் அவர் பங்கைத் தராதிருப்பதும் பிறர் உரிமையை உண்பதாகும்.

இரண்டு: உண்மை சொல்லப்பட்டதா?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மெருகேற்றிய மரத்திலும் இப்படி ஓர் உட்புறம் உண்டு. வண்டு துளைத்த இடத்தில் மக்கு பூசி வண்ணம் தீட்டுவதும், பழைய முகப்புக்குப் பின்னே புதுப்பலகை அடித்து முழுவதும் பழையது என்பதும், வேறு மரத்தைப் பர்மாத் தேக்கு என்பதும் அந்த நனைந்த தானியமே. வாங்குவோரும் இழுப்பறையை வெளியே இழுத்து அதன் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். கைரம்பத்தின் ஒழுங்கற்ற கீறல்களும், முளையைத் துளையில் செருகிய மூட்டுகளும் பழமையின் அடையாளங்கள். விற்பவர் பழுதுபார்த்த இடங்களைத் தாமே சுட்டிக்காட்டினால், அவ்விற்பனையில் பரக்கத் உண்டு.

நாட்டின் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, நூறாண்டுகளைக் கடந்த வரலாற்று மதிப்புடைய பொருள் தொல்பொருளாகும். அதனை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு.

மூன்று: வக்ஃபா, சொந்தமா?

இப்போது அந்த மஹல்லாவின் மிம்பருக்கு வருவோம். பள்ளிக்கென அர்ப்பணிக்கப்பட்ட பொருள் நிர்வாகிகளின் சொத்தன்று. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ நூலில் இதுபற்றித் தெளிவாகவே கூறியுள்ளார்கள்: பள்ளியின் பாய்கள் நைந்து போனாலோ, அதன் மரத்தண்டுகள் முறிந்து எரிப்பதற்கன்றி வேறெதற்கும் உதவாத நிலையை அடைந்தாலோ அவற்றை விற்கலாம் என்பதே வலுவான கருத்து. அப்போதும் பணம் பள்ளியின் நலனுக்கே சேர வேண்டும். ஹனஃபி மத்ஹபிலும் நிர்வாகி தம் விருப்பம்போல் விற்க இடமில்லை.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி, அந்த மிம்பர் விறகு நிலையை அடைந்துவிட்டதா என்பதுதான். ஊர் ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். அவர் தூசி தட்டி, தட்டித் தட்டி ஓசை கேட்டுப் பார்த்தார். மண்ணில் பட்ட அடிப்படி ஒன்றே கெட்டிருந்தது. மற்றவை உறுதியாக இருந்தன. அந்தப் படியை மாற்ற அவருக்கு நான்கு நாட்கள் போதுமானதாயிருந்தது. கூரைக்கான தொகை இரண்டு ஜும்ஆக்களில் ஜமாஅத்தாரிடமிருந்தே சேர்ந்தது. விற்றுவிடலாம் என்று சொன்ன அதே பொறுப்பாளர்தாம் முதலில் பணம் தந்தார். இன்று அந்த மிம்பர் ஒழுகாத மதரஸாக் கூடத்தில் நிற்கிறது. பேச்சுப் பயிற்சியின்போது பிள்ளைகள் அதன் மீதேறிப் பேசுகிறார்கள்.

பழுதுபார்க்கும் கை இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கும் வரலாற்றில் சான்றுண்டு. சுல்தான் நூருத்தீன் செய்வித்து, சுல்தான் ஸலாஹுத்தீன் பைத்துல் முகத்தஸை மீட்டபின் மஸ்ஜிதுல் அக்ஸாவில் வைத்த மிம்பர், 1969 ஆகஸ்ட் 21இல் ஒருவன் இட்ட தீயில் எரிந்தது. ஆணியின்றிச் சிறு சிறு மரத்துண்டுகளைப் பிணைக்கும் அக்கலையை ஆய்ந்து கற்று, அதே வடிவில் ஜோர்டானில் புதிதாகச் செய்து 2007இல்தான் மீண்டும் வைக்க முடிந்தது. இடையில் கழிந்தவை 38 ஆண்டுகள்.

ஒவ்வொரு பள்ளியிலும் விலை பேசப்படாத மரப்பொருள் ஒன்று உண்டு: சந்தூக். நம் பாட்டனாரைச் சுமந்தது அது, நம்மையும் சுமக்கும். நாம் கிடந்தெழுந்த கட்டிலும், சாய்ந்த நாற்காலியும், பூட்டிய பெட்டகமும் அன்று பிறர் கைக்குப் போய்விடும். அவற்றை எவர் உரிமையையும் பறிக்காமல், எதையும் மறைக்காமல் ஒப்படைத்தோமா என்பது மட்டுமே நம்முடன் வரும்.

அமானிதங்களை உரியவர்களிடம் சேர்ப்பிக்கும் நல்லோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.