பாக்தாதில் ஒருவர், ஏர்வாடியில் 28 பேர்

ஹிஜ்ரி 319 (கி.பி. 931). வைத்தியர் ஒருவரின் பிழையால் பாக்தாதில் எளிய மனிதர் ஒருவர் இறந்தார். செய்தி கலீபா முக்ததிரை எட்டிற்று. ஸினான் இப்னு தாபித் சோதித்து எழுத்துமூலம் அனுமதி வழங்கினாலன்றி எவரும் வைத்தியம் செய்யலாகாது என, சந்தையையும் தொழில்களையும் கண்காணித்த முஹ்தஸிபுக்கு ஆணை சென்றது. 860க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்கிறார் இப்னு அபீ உஸைபிஆ. ஸினான் அப்போது இஸ்லாத்தைத் தழுவியிராத சாபிய அறிஞர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

இதனை நம் மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். அதே நூல் கூறும் மற்றொன்றைச் சொல்வதில்லை. புகழ்பெற்றோருக்கும் அரண்மனை வைத்தியர்க்கும் தேர்வு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் பொற்காசுகளை முன்வைத்துத் தம் பிழைப்பைக் கெடுக்க வேண்டாமென வேண்டினார். அறியாத நோய்க்கு மருந்து தரலாகாது, குருதி எடுக்கலாகாது என்னும் நிபந்தனையோடு ஸினான் அவரை விட்டுவிட்டார். மறுநாள் வந்தவர் அம்முதியவரின் மகன்! அதே நிபந்தனையில் அவருக்கும் அனுமதி கிடைத்தது. விலக்கு வாரிசுச் சொத்தாயிற்று.

இப்பகுதியை ஏர்வாடியை நினையாமல் நம்மால் படிக்க இயலவில்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கிருந்த தனியார் மனநோயாளர் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். காப்பகம் தர்காவுக்குரியதன்று, ஆயினும் தர்காவை நாடி வந்தோரைக் கொண்டே அத்தொழில் நடந்தது. உரிமம் வேண்டுமென்ற சட்டம் 1987இலேயே இயற்றப்பட்டிருந்தது. சங்கிலியோ மறைவிலிருந்த பொருளன்று. ஸியாரத்துக்குச் சென்ற நம்மவர் கண்டதே. நேர்ச்சை, நம்பிக்கை என்று நாமே அதற்கு விலக்களித்திருந்தோம்.

நீதிபதி ராமதாஸ் ஆணையம் விசாரித்தது. ஒரு வாரத்துக்குள் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பதிவு பெற்றவை, பெறாதவை என்ற வேறுபாடின்றி எல்லா மனநலக் காப்பகங்களையும் மாவட்டந்தோறும் கணக்கெடுக்க வேண்டும், நோயாளரைச் சங்கிலியில் பிணைக்கலாகாது என மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும் என 2002 பிப்ரவரியில் ஆணையிட்டது. ஆணையில் குறை காண்பதற்கில்லை. எண்ணிச் சென்றவர் மீண்டும் வந்து பார்த்தாரா என்பதே நம் வினா. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியை முற்றாகத் தடை செய்தது. 2019 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. உத்தரப்பிரதேசத்தின் பதாயூனில், சமய நம்பிக்கையைச் சார்ந்து நடந்த காப்பகம் ஒன்றில், நோயாளர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர்.