மஞ்சள் பெட்டிக்கு விழுந்த ஓட்டு

போன வாரம் உப்புச் சத்தியாகிரகத்தோடு நிறுத்தியிருந்தோம். உப்பு அள்ளிச் சிறைக்குப் போன கட்சி ஏழே ஆண்டுகளில் கோட்டைக்குள் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்தது. அந்தக் கதை இந்த வாரம்.

1937 பிப்ரவரியில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல். கட்சிக்கு ஒரு வண்ணம் என்று ஓட்டுப் பெட்டிகளைப் பிரித்திருந்தார்கள். காங்கிரசுக்குக் கிடைத்தது மஞ்சள். வாக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய், வேண்டிய பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். எழுத்துத் தெரியாதவரும் தடுமாற வேண்டியதில்லை. ‘காந்திக்கும் மஞ்சள் பெட்டிக்கும் ஓட்டு’ என்பதே காங்கிரசின் பிரசாரம். மங்கலத்துக்கு மஞ்சளைத் தேடும் ஊரில் இதைவிட நல்ல வண்ணம் வேறு எது கிடைத்திருக்கும்?

ஆனால் சிதம்பரத்தை அடுத்த நம் கிள்ளையில் அந்தப் பெட்டிவரை போக எத்தனை பேருக்கு உரிமை இருந்தது? 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வாக்குரிமையை நிலவரி, சொத்து வரி, படிப்பு போன்ற தகுதிகளோடு கட்டிப்போட்டிருந்தது. இந்தியா முழுவதும் சேர்த்தே சுமார் மூன்று கோடிப் பேருக்குத்தான் ஓட்டு. கிஸ்தி கட்டும் பட்டாதாரர் போகலாம். சொத்துள்ளவரின் மனைவி என்ற வகையில் சில பெண்கள் போகலாம். பிச்சாவரம் கழியில் வலை போட்டவர், கடலுக்குப் போனவர், வெள்ளாற்றுப் பாசனத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர் ஆகியோரில் பெரும்பாலோர் பட்டியலிலேயே இல்லை. ஊரே மஞ்சள் பெட்டியைப் பற்றிப் பேசலாம். ஓட்டுப் போடுவது சிலர்தான். இதை மறந்துவிட்டு அந்த வெற்றியை அளக்கக் கூடாது.

இத்தனை சுருங்கிய, சொத்துள்ளவர்களின் பட்டியலே காங்கிரசுக்கு அள்ளிக் கொடுத்தது என்பதுதான் வியப்பு. மொத்தம் 215 இடங்களில் 159 காங்கிரசுக்கு. ஆட்சியில் இருந்த நீதிக்கட்சி நிலைகுலைந்தது. முதலமைச்சர் பொப்பிலி ராஜா தம் சொந்தப் பொப்பிலியிலேயே வி.வி. கிரியிடம் தோற்றார்.

காரணம் வயலில் இருந்தது. 1929க்குப் பிறகு வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. தென்னாற்காட்டின் பணப்பயிரான நிலக்கடலையும் சரிந்தது. கிஸ்தி மட்டும் சரியவில்லை. விளைச்சலை விற்றுக் கிஸ்தி கட்ட முடியாத பட்டாதாரர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அதே காலத்தில் மாகாண அமைச்சர்கள் மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கினார்கள். அமைச்சர் சம்பளம் ஐந்நூறைத் தாண்டக் கூடாது என்று காங்கிரஸ் 1931இல் கராச்சியிலேயே தீர்மானித்திருந்தது. வரி கட்டித் தேய்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியின் பேச்சுக்குக் கூட்டம் கூடியதும் உண்மை. ஆனாலும் வாக்குகளைத் திருப்பியதில் கிஸ்தி ரசீதுக்கே முதல் பங்கு என்பது என் முடிவு.

கடலூர் முதுநகரின் அஞ்சலையம்மாளும் இந்தத் தேர்தலில் சட்டசபைக்குப் போனார். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் நடந்த போராட்டத்தில், சின்னஞ்சிறு மகளோடு கலந்துகொண்டு சிறை சென்றவர். 1857 எழுச்சியில் வட இந்தியக் கிராமங்களைக் கொடூரமாக ஒடுக்கிய நீலுக்கு நம் நகரத்தில் என்ன சிலை என்பதுதான் அந்தப் போராட்டத்தின் கேள்வி. அதிகாரம் கைக்கு வந்த 1937ஆம் ஆண்டிலேயே அந்தச் சிலை மவுண்ட் ரோட்டிலிருந்து இறக்கப்பட்டது. மனுவும் மறியலும் பத்தாண்டுகளாகச் சாதிக்காததை ஒரு தேர்தல் சாதித்தது. இன்று அது எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் அஞ்சலையம்மாளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வென்ற கட்சி உடனே பதவி ஏற்கவில்லை. முழு விடுதலை கேட்கும் கட்சி, தான் நிராகரித்த சட்டத்தின் கீழ் ஆட்சி நடத்தலாமா என்பது பெரிய வாதமாயிற்று. அயர்லாந்தில் 1918இல் சின் ஃபெயின் கட்சி 105 இடங்களில் 73ஐ வென்றும் லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போக மறுத்துவிட்டது. காங்கிரஸ் அந்த வழியில் போகவில்லை. ஆளுநர் தம் தனி அதிகாரத்தைக் கொண்டு தலையிட மாட்டேன் என்று உறுதி தந்தால் வருவோம் என்றது. ஆளுநர் எர்ஸ்கின் தரவில்லை. புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஏப்ரல் 1 அன்று காங்கிரஸ் ஹர்த்தாலுக்கு அழைப்பு விடுத்தது.

இங்கேதான் நம் பகுதி கதைக்குள் வருகிறது. இடைக்கால ஆட்சி அமைக்க எர்ஸ்கின் அழைத்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கிள்ளையில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் சிதம்பரம். அவ்வளவு பக்கத்தில் பணியில் இருந்தவர். காங்கிரசை விட்டு எப்போதோ விலகிய மிதவாதி. பதவியை வேண்டாம் என்று சொல்ல அவருக்குக் கட்சிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. ஆனாலும் மறுத்துவிட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த கட்சி வெளியே நிற்கும்போது அந்த நாற்காலியில் தாம் உட்காராதது அவர் வாழ்க்கையின் மிகக் கண்ணியமான செயல்களில் ஒன்று என்று நினைக்கிறேன். அடுத்து அழைக்கப்பட்ட கே.வி. ரெட்டி நாயுடு சம்மதித்தார். பெரும்பான்மை இல்லாத அந்த அமைச்சரவை ஜூலை மத்தி வரைதான் இருந்தது. வைசிராய் லின்லித்கோ ஓரளவு இறங்கி வந்ததும் வார்தாவில் காங்கிரஸ் செயற்குழு அனுமதி தந்தது, ராஜாஜி பதவியேற்றார்.

விடுதலை கேட்டவர்கள் இரண்டேகால் ஆண்டு ஆண்டார்கள். கிள்ளைப் பட்டாதாரருக்கு அதில் நேரடியாகக் கிடைத்தது 1938ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நின்ற வட்டி பாக்கி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அசல் அசையாமல் வட்டி மட்டும் கட்டியே ஆண்டுகளைக் கழித்த குடும்பத்துக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆட்சிதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, எதிர்த்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சிறையில் தள்ளியது. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். அடக்குமுறையைத் தாங்கி வந்த கட்சி அதே சிறைக் கதவைத் தமிழுக்காகப் போராடியவர்கள் மீது சாத்தியது. இதற்கு எந்தச் சமாதானமும் எனக்கு ஒப்பாது.

மாகாணங்களைக் கேட்காமலே இந்தியாவை இரண்டாம் உலகப் போரில் சேர்த்தது பிரிட்டன். 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜி அமைச்சரவை விலகியது. 1946 வரை ஆளுநர் ஆட்சி. கழியில் வலை போட்டவருக்கும் நாற்று நட்டவருக்கும் ஓட்டு வந்தது அதற்கும் பிறகு, வயது வந்த எல்லோரும் வாக்களித்த 1952 தேர்தலில்.

கிள்ளை, பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1930களின் கிஸ்தி ரசீதோ, கடன் தீர்ந்த பத்திரமோ, பழைய வாக்காளர் பட்டியலோ உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து இந்தத் தொடருக்கு அனுப்புங்கள்.