சுர்குன்

துருக்கிய மொழிகளில் 'சுர்' என்றொரு வினையடி இருக்கிறது. நம் 'ஓட்டு' போலவே அது மாட்டையும் ஓட்டும், ஏரையும் ஓட்டும், மனிதரை ஊரைவிட்டும் ஓட்டும். அதில் பிறந்தது 'சுர்குன்'. துருக்கியில் நாடுகடத்தல், கடத்தப்பட்டவர், அவர் போய்ச் சேர்ந்த இடம் மூன்றுக்கும் அதுவே பெயர்.

ஒட்டோமான் ஆட்சியில் அது ஓர் அரசாங்க நடைமுறை. 1453இல் கான்ஸ்டாண்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத், வெறிச்சோடிய நகரை நிரப்பப் பல ஊர்க் குடிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தார். 1475இல் கிரிமியாவின் கெஃபே துறைமுகம் வீழ்ந்தபோது, அங்கிருந்த ஜெனோவாக்காரர்களும் கப்பலேற்றப்பட்டார்கள்.

பின்னாளில், சோவியத் ஆட்சியில், 1944 மே 18 விடியற்காலை, சுர்குன் என்னும் அந்தக் கொடுமை கிரிமியத் தாத்தார் முஸ்லிம்களின் வாசலுக்கு வந்தது. ஜெர்மானியருக்குத் துணைபோனதாக ஓர் இனத்தின் மீதே பழி சுமத்தி, மே 11ஆம் தேதியே ஸ்டாலின் ஆணை பிறப்பித்திருந்தார். குடும்பத்துக்கு 500 கிலோ வரை சாமான் எடுத்துப்போகலாம் என்றது ஆணை. கதவைத் தட்டிய சிப்பாய்கள் தந்த அவகாசமோ பதினைந்து, இருபது நிமிடம். தூங்கும் பிள்ளைகளை எழுப்பவே அது போதாது. மூன்றே நாளில் 1,80,000க்கும் மேற்பட்டோரைச் சரக்கு ரயில்களில் அடைத்து அனுப்பினார்கள், பெரும்பாலோர் உஸ்பெகிஸ்தானுக்கு. செம்படையில் போரிட்ட தாத்தார் வீரர்களும் தப்பவில்லை.

துருக்கிய மொழி ஒன்றைப் பேசும் அம்மக்கள் இதைச் 'சுர்குன்லிக்' என்றார்கள். அரசின் கோப்புகளில் அவர்கள் 'சிறப்புக் குடியேறிகள்'. ஒதுக்கிய இடத்தைவிட்டுத் தப்பினால், 1948 ஆணைப்படி 20 ஆண்டு கடுந்தண்டனை.

1967இல் பழியை நீக்கிய ஆணையோ, அவர்களைக் 'கிரிமியாவில் முன்பு வசித்த தாத்தார் இனத்தவர்' என்று குறித்தது. இத்தனை ஆணைகளிலும் எனக்கு மிகக் கொடியதாகப் படுவது இந்தத் தொடர்தான். மண்ணைப் பறித்தவர்கள், பெயரோடு ஒட்டியிருந்த மண்ணையும் தட்டிவிட்டார்கள். ஊர்ப்பெயர்களுக்கும் அதே கதி: கராசுபஜார், பெலோகோர்ஸ்க் ஆகிவிட்டது.

கைக்குழந்தையாக ஓட்டப்பட்ட முஸ்தஃபா ஜெமிலேவ், ஊர் திரும்பும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1980களின் இறுதியில் மக்கள் திரளாகத் திரும்பினார்கள், அவரும் திரும்பினார். 2014இல் ரஷ்யா கிரிமியாவைக் கைப்பற்றியதும் அவர் உள்ளே வரத் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 70.